கிராம நீதியை வரைந்தவர்கள்: ஆணைய உறுப்பினர்களின் தொழிற்பின்புலம் குறித்து

1. கேள்வி

நீதித்துறைச் சீர்திருத்த அறிக்கைகளை நாம் பெரும்பாலும் பரிந்துரைகளிலிருந்தே வாசிக்கத் தொடங்குகிறோம். அவற்றை எழுதியவர்கள் யார், ஆணையத்தில் அமர்வதற்கு முன் எந்த வேலையில் தங்கள் வாழ்நாளைக் கழித்தார்கள் என்ற விவரம் முகப்புப் பக்கத்தின் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. கிராம மக்களுக்கு நீதி கிடைக்கும் வழி பற்றிய அறிக்கைகளில் இந்தச் சில வரிகள் கூடுதல் கவனத்துக்குரியவை. நகரத்து உயர் நீதிமன்றத்தில் வாதாடியவருக்குத் தெரிந்த வழக்கும், களத்துமேட்டில் கூலி கேட்டு அடிபட்டவருக்குத் தெரிந்த வழக்கும் ஒன்றல்ல.

கிராம நீதியை வடிவமைக்க அமர்த்தப்பட்ட குழுக்களின் உறுப்பினர்கள் எந்தத் தொழில்களிலிருந்து வந்தார்கள், அந்தப் பின்புலம் அவர்கள் முன்வைத்த அமைப்பில் எவ்வாறு பதிந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 1814இல் சென்னை மாகாணத்துக்கென அமைந்த மன்றோ ஆணையம், 1955இல் அமைந்த சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட ஆணையம், 1986இல் கிராம நியாயாலயத்தைப் பரிந்துரைத்த சட்ட ஆணையம் ஆகிய மூன்றும் இங்கே முதன்மையாக ஆராயப்படுகின்றன. ஒப்பீட்டுக்காக பூரியா குழு, பிகாரின் கிராம கச்சேரி, இலங்கையின் மத்தியஸ்த சபைகள் ஆகியவற்றையும் பார்க்கலாம்.

ஒருவரின் தொழில் அவருடைய முடிவுகளை முழுவதுமாகத் தீர்மானித்துவிடுவதில்லை. அரசியல் சூழல், அரசின் நிதிநிலை, ஆணையத்துக்குத் தரப்பட்ட ஆய்வு வரம்பு ஆகியவையும் முடிவுகளை வளைக்கின்றன. ஆயினும் எது குறையாகக் கண்ணில் படுகிறது, எது இயல்பானதாகக் கடந்துபோகிறது என்பதில் தொழில் அனுபவத்துக்குப் பெரும் பங்குண்டு.

2. இதுவரையிலான புரிதல்

கிராம நீதி பற்றிய விவாதம் நெடுங்காலமாக இரண்டு முனைகளுக்கு இடையே நடந்துவந்திருக்கிறது. காந்தியச் சிந்தனையில் பஞ்சாயத்து என்பது கிராமத் தன்னாட்சியின் உறுப்பு. வழக்கறிஞரும் கட்டணமும் தாமதமும் இல்லாமல் ஊரே தன் தகராறைத் தீர்த்துக்கொள்ளும் என்பது அதன் நம்பிக்கை. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதற்கு நேரெதிராகப் பேசினார். கிராமத்தை அவர் குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகக் கண்டார். அரசமைப்பின் 40ஆம் உறுப்பு கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கச் சொல்கிறது. அந்தப் பஞ்சாயத்து நீதியும் வழங்க வேண்டுமா என்பதைச் சொல்லவில்லை. 1992இன் 73ஆம் திருத்தமும் நீதி வழங்கும் நியாய பஞ்சாயத்து பற்றி மௌனமாகவே இருந்தது.

ஆய்வுலகில் பெர்னார்ட் கோன், எம்.என். சீனிவாஸ் போன்றோர் கிராமத் தகராறுகளை நேரில் கண்டு எழுதினார்கள். ஊர்ப் பஞ்சாயத்தின் தீர்ப்பு அங்குள்ள ஆதிக்க சாதியின் பலத்தோடு பின்னியிருப்பதை அவர்களுடைய எழுத்துகள் புலப்படுத்தின. 1970களின் இறுதியில் உபேந்திர பக்ஷியும் மார்க் கலாண்டரும் சட்டப்படி அமைந்த நியாய பஞ்சாயத்துகளை ஆராய்ந்தார்கள். பழைய ஊர்ப் பஞ்சாயத்தின் மக்கள் செல்வாக்கும் அவற்றுக்கு இல்லை, அரசு நீதிமன்றத்தின் நடுநிலை மதிப்பும் இல்லை என்ற அவர்களின் கணிப்பு இன்றளவும் எடுத்தாளப்படுகிறது.

இந்த ஆய்வுகள் தீர்ப்புச் சொல்பவர் யார் என்று கேட்டன. தீர்ப்புச் சொல்லும் அமைப்பை வரைந்தவர் யார் என்ற கேள்வி அவ்வளவாகக் கேட்கப்படவில்லை.

3. வரிவசூல் அதிகாரி வரைந்த நீதி: 1814–1816

கிழக்கிந்திய கம்பெனியின் இயக்குநர்கள் 1814இல் சென்னை மாகாண நீதி முறையைத் திருத்த ஒரு தனி ஆணையத்தை அனுப்பினார்கள். தலைவர் கர்னல் தாமஸ் மன்றோ. உடன் உறுப்பினர் சதர் அதாலத் என்ற மாகாண உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஜார்ஜ் ஸ்ட்ராட்டன்.

மன்றோவின் தொழில் வரலாறு இங்கே கவனத்துக்குரியது. 1780இல் படைப் பயிற்சி வீரராகச் சென்னைக்கு வந்தவர் அவர். 1792 முதல் 1799 வரை, இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகாலில், கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலவரித் திட்டத்தில் பணியாற்றினார். பின்னர் கனராவிலும், 1800 முதல் 1807 வரை இன்றைய இராயலசீமையை உள்ளடக்கிய பகுதியிலும் கலெக்டராக இருந்தார். ரயத்துவாரி முறையின் பெயரோடு அவர் பெயர் சேர்ந்தே வழங்குகிறது. கிராமத்தை அவர் அறிந்தார், அதுவும் நெருக்கமாகவே அறிந்தார். ஆனால் அவர் அறிந்தது ஜமாபந்தி மேசையில் அதிகாரி அமரும் பக்கத்திலிருந்து. அவர் நாள்தோறும் பேசியது மணியக்காரரோடும் கணக்கரோடும் பட்டாதாரர்களோடும்தான்.

ஆணையத்தின் பயனாக 1816இல் வந்த ஒழுங்குவிதிகளில் இந்த அனுபவம் தெளிவாகப் பதிந்தது. நான்காம் ஒழுங்குவிதி ஊர்த் தலைவரையே கிராம முன்சீப் ஆக்கியது. 10 ரூபாய் வரையிலான அசையும் சொத்து வழக்குகளை அவரே தீர்க்கலாம், இரு தரப்பும் ஒப்பினால் 100 ரூபாய் வரை நடுவராக இருந்து முடிக்கலாம். ஐந்தாம் ஒழுங்குவிதி கிராமப் பஞ்சாயத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. குற்றவியல் நடுவர் அதிகாரமும் காவல் பொறுப்பும் ஜில்லா நீதிபதியிடமிருந்து கலெக்டருக்கு மாறின. வரி வசூலிக்கும் ஊர்த் தலைவர் வழக்கும் தீர்த்தார், வரி வசூலிக்கும் கலெக்டர் குற்ற நடுவராகவும் ஆனார். வருவாய்த் துறையில் வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு இந்த இணைப்பு மிக இயல்பானதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த அமைப்பின் மறுபக்கம் காவல் பற்றிய பதினொன்றாம் ஒழுங்குவிதியில் தெரிகிறது. சிறு அடிதடி, வசைச்சொல் போன்ற குற்றங்களுக்கு ஊர்த் தலைவர் சிறிது நேரம் காவலில் வைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் ‘தாழ்ந்த சாதியார்’ என்றால் அவரைத் தொழுமரத்தில் மாட்டலாம் என்றும் அந்த விதி அனுமதித்தது. சாதியின் பெயரால் தண்டனையைப் பிரித்த ஒரு வரி மாகாணத்தின் எழுத்துச் சட்டத்திலேயே இடம்பெற்றது. அந்த வரியை எழுதியவர்களுக்கு அதை எதிர்த்துப் பேசக்கூடிய ஒருவர் அருகில் இல்லை. ஆணையத்தின் இரு உறுப்பினரும் கம்பெனி அதிகாரிகள். அவர்கள் கலந்து பேசியது அலுவலர்களோடும் ஊர்த் தலைவர்களோடும். தொழுமரத்தில் மாட்டப்படக்கூடியவர் யாரும் அந்த வட்டத்துக்குள் வரவில்லை.

கிராமப் பஞ்சாயத்து விதி நடைமுறையில் பெரிதாகப் பயன்படவில்லை. கிராம முன்சீப் பதவியோ நீடித்தது. 1888இன் சென்னைக் கிராம நீதிமன்றச் சட்டம் அதைப் புதுப்பித்தது. நீதி அதிகாரங்கள் தேய்ந்த பின்னும் கிஸ்தி வசூலிக்கும் அலுவலராக முன்சீப் தொடர்ந்தார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் அந்தப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் தமிழகக் கிராமங்களில் நிலைத்த ஓர் அதிகாரத்தின் வரைபடம் ஒரு வருவாய் அதிகாரியின் பார்வையிலிருந்து பிறந்தது.

4. பதினொரு சட்ட வல்லுநர்கள்: 1955–1958

சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட ஆணையம் 1955இல் அமைந்தது. நீதி நிர்வாகச் சீர்திருத்தம் பற்றிய அதன் 14ஆம் அறிக்கை 1958இல் வெளிவந்தது. நீதித்துறை பற்றிச் சுதந்திர இந்தியா கண்ட மிக விரிவான அறிக்கைகளுள் ஒன்று அது. பஞ்சாயத்து நீதிமன்றங்களையும் அது ஆராய்ந்தது.

ஆணையத்தின் பதினொரு பேரின் பின்புலம் இது. தலைவர் எம்.சி. செதல்வாட் இந்தியாவின் அட்டர்னி ஜெனரல். பம்பாய்த் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, ராஜஸ்தான் தலைமை நீதிபதி கே.என். வாஞ்சு ஆகிய இருவரும் பதவியில் இருந்த நீதிபதிகள். கல்கத்தாவின் ஜி.என். தாஸ், சென்னையின் பி. சத்தியநாராயண ராவ் ஆகியோர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள். சென்னையின் வி.கே.டி. சாரி, ஆந்திராவின் டி. நரச ராஜு, பஞ்சாபின் எஸ்.எம். சிக்ரி ஆகிய மூவரும் மாநில அட்வகேட் ஜெனரல்கள். கல்கத்தாவின் என்.சி. சென்குப்தா, அலகாபாத்தின் ஜி.எஸ். பாடக், பம்பாயின் ஜி.என். ஜோஷி ஆகியோர் வழக்கறிஞர்கள்.

இவர்களின் தகுதி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. வாஞ்சுவும் சிக்ரியும் பின்னர் இந்தியத் தலைமை நீதிபதிகள் ஆனார்கள். பாடக் குடியரசுத் துணைத் தலைவர் ஆனார். ஆனால் பட்டியலை ஒருசேர வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பதினொரு பேரும் சட்டத் துறையினர். ஏறத்தாழ அனைவரின் தொழில் வாழ்க்கையும் உயர் நீதிமன்ற நகரங்களில் வேரூன்றியது. ஆசிரியர், விவசாயி, சமூகப் பணியாளர், மானுடவியலாளர், தொழிற்சங்கத்தவர் என்ற அடையாளத்தோடு ஒருவரும் இல்லை. பெண் உறுப்பினரும் இல்லை.

இந்தப் பட்டியலில் வாஞ்சு தனித்து நிற்கிறார். இந்தியக் குடிமைப் பணி வழியாக வந்த அவர் சட்டப் பட்டம் பெறாதவர். ஐக்கிய மாகாணத்தில் உதவி மாஜிஸ்திரேட்டாகத் தொடங்கி மாவட்ட அளவில் பணிபுரிந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர். சட்டப் பட்டம் இல்லாத ஒருவர் நாட்டின் தலைமை நீதிபதியாகவும் விளங்க முடிந்தது என்ற உண்மை, கிராமத்தில் தீர்ப்புச் சொல்லச் சட்டப் பட்டம் இன்றியமையாதது என்று வாதிடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

வழக்கறிஞர்கள் நிறைந்த அந்த ஆணையம் பஞ்சாயத்து நீதிமன்றத்தை நிராகரித்துவிடவில்லை. அவை பயனுள்ளவை, ஊக்கம் தரத்தக்கவை, பஞ்சாயத்தார்க்குப் பயிற்சி வேண்டும் என்றே அது கருதியது. சட்டத் துறையினர் எல்லாரும் சாமானியரின் நீதியை வெறுப்பார்கள் என்ற எளிய முடிவுக்கு வர முடியாது என்பதை இது காட்டுகிறது. ஆனால் குறையை இனங்காணும் விதத்தில் தொழிற்பார்வை தென்படுகிறது. கல்வியின்மை, பயிற்சியின்மை, ஊர்க் கட்சிப்பிளவு, நியமன முறை ஆகியவை நீதி நிர்வாகத்தின் பழகிய கேள்விகள். பஞ்சாயத்தார் யாருடைய நிலத்தில் உழுகிறார்கள், யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள், சேரியிலிருந்து வருபவர் அந்தத் திண்ணையில் ஏறி அமர முடியுமா என்ற கேள்விகள் வேறு வகையானவை. அவற்றை எழுப்பும் தொழிலைச் சேர்ந்தவர் அந்தப் பதினொருவரில் இல்லை.

5. இடைக்காலம்: சட்ட வரைவாளரும் மக்கள் வழக்கறிஞரும்

1962இல் நியாய பஞ்சாயத்துகள் பற்றிய ஆய்வுக் குழு தன் அறிக்கையை அளித்தது. தலைவர் ஜி.ஆர். ராஜகோபால் மத்திய சட்ட அமைச்சகத்தின் மூத்த அலுவலர், சட்ட வரைவில் தேர்ந்தவர். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டுக் கிடந்த விதிகளை ஒழுங்குபடுத்தும் பணி அவரிடம் போனது.

1973இல் இலவசச் சட்ட உதவி பற்றி அறிக்கை தந்த நிபுணர் குழுவின் தலைவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். அவரும் வழக்கறிஞர்தான். ஆனால் அவருடைய வழக்கறிஞர் வாழ்க்கை தலச்சேரியில் விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடியதில் உருவானது. 1948இல் சிறை சென்றவர், 1957இல் கேரளத்தின் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை ஆகிய துறைகளைக் கவனித்தவர். சிறைக்குள் இருந்தும் பார்த்தவர், சிறைத்துறை அமைச்சராகவும் இருந்து பார்த்தவர். சட்ட உதவி என்பதை வழக்கறிஞர் கட்டணத்தை அரசு கட்டுவதோடு நிறுத்தாமல் மக்களுக்கு அருகில் நீதியைக் கொண்டுசெல்லும் வேலையாக அவர் குழு கண்டது.

செதல்வாட், கிருஷ்ணய்யர் ஆகிய இருவரின் தொழிலும் முகப்புப் பக்கத்தில் ஒன்றாகவே எழுதப்படும். அந்தத் தொழிலை யாருக்காக, எந்த ஊரில், எந்த நிலையில் செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. உறுப்பினர் நியமனத்தில் பதவிப் பெயரோடு நின்றுவிடாமல் அனுபவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

6. இரு சாமானியர் உள்ளே வந்ததும் வெளியேறியதும்: 1986–2008

சட்ட ஆணையத்தின் 114ஆம் அறிக்கை 1986இல் வந்தது. தலைவர் நீதிபதி டி.ஏ. தேசாய். குஜராத் உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்று 1985இல் ஓய்வுபெற்றவர். ஓய்வூதியம் அரசின் கருணையால் கிடைப்பதல்ல, உரிமை என்று நிலைநாட்டிய 1982ஆம் ஆண்டின் நகாரா வழக்குத் தீர்ப்பை எழுதியவர். உறுப்பினர்-செயலர் வி.எஸ். ரமாதேவி. இவர் பின்னர் 1990இல் சில நாட்கள் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பு வகித்தார், மாநிலங்களவைப் பொதுச் செயலராகவும் ஆளுநராகவும் பணியாற்றினார். 1955இன் பட்டியலில் இல்லாத பெண் இங்கே இடம்பெற்றார். ஆயினும் ஆணையம் முழுவதும் சட்டத் துறையினரே.

அவர்கள் பரிந்துரைத்த கிராம நியாயாலயத்தில் சட்டப் பட்டம் பெற்ற ஒரு பஞ்சாயத்து நீதிபதியோடு சாமானியர் இருவர் சமமாக அமர்வார்கள். ஊருக்கே சென்று, இடத்தைப் பார்த்து, எளிய நடைமுறையில் வழக்கு முடியும். மூவரில் இருவர் சட்டம் படிக்காதவர் என்ற ஏற்பாடு, சட்டத் துறையினர் மட்டுமே இருந்த ஓர் ஆணையம் தன் தொழிலின் எல்லையை உணர்ந்து எழுதியது. இந்திய நீதி வரலாற்றில் துணிவான பரிந்துரைகளுள் ஒன்றாக அதை மதிக்க வேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நாடாளுமன்றம் இயற்றிய கிராம நியாயாலயச் சட்டம், 2008, அந்த இருவரையும் விட்டுவிட்டது. 2009 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி நியாயாதிகாரி ஒருவரே தீர்ப்பளிப்பார். முதல் வகுப்பு நீதித்துறை நடுவராகத் தகுதி பெற்றவரே நியாயாதிகாரி ஆகலாம். உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசு அவரை நியமிக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு நியமனத்தில் உரிய இடம் வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. இது வரவேற்கத்தக்கது. கிராம அளவில் சமூகப் பணி செய்யும் நேர்மையானவர்கள் 27ஆம் பிரிவின்படி சமரசம் செய்பவர்களாக மட்டும் வரலாம். தீர்ப்பு எழுதும் மேசையிலிருந்து சாமானியர் சமரச அறைக்கு அனுப்பப்பட்டார்.

சட்டத்தில் நல்ல கூறுகள் உண்டு. நியாயாதிகாரி அவ்வப்போது கிராமங்களுக்குச் செல்ல வேண்டும். சாட்சியச் சட்டத்தின் இறுக்கமான விதிகள் அவரைக் கட்டுப்படுத்தா. நடவடிக்கைகள் இயன்றவரை ஆங்கிலம் அல்லாத மாநில மொழியில் நடக்க வேண்டும். ஆனால் அமைப்பின் சாரம் தாலுகா நீதிமன்றத்தின் சிறு வடிவமாக மாறியது. அதை நடத்த மீண்டும் ஒரு நீதித்துறை அதிகாரி, கட்டடம், வாகனம், எழுத்தர் எனத் தேவைப்பட்டது. மத்திய அரசு ஒரு நியாயாலயத்துக்கு ஒருமுறை உதவியாக 18 இலட்சம் ரூபாயும், முதல் மூன்றாண்டுகளுக்கு நடைமுறைச் செலவாக ஆண்டுக்கு 3.2 இலட்சமும் அறிவித்தது. மாநிலங்கள் தயங்கின. தொடக்கத்தில் 5,000 நியாயாலயங்கள் என்று பேசப்பட்ட இடத்தில், பத்தாண்டுகள் கழித்தும் சுமார் இருநூறே இயங்கின. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் அறிவிக்கை வெளியிடாத மாநிலங்களுக்கு நான்கு வாரக் கெடு விதித்தது. அப்போது நியாயாலயங்களை அறிவித்திருந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு இல்லை.

தோல்விக்கு நிதியும் நீதிபதிப் பற்றாக்குறையும் காரணங்கள். பத்து இலட்சம் மக்களுக்கு 10.5 நீதிபதிகள் என்றிருந்த நிலையை 50 ஆக உயர்த்த வேண்டும் என்று அதே தேசாய் ஆணையம் 1987இல் தன் 120ஆம் அறிக்கையில் கோரியது. அந்த இலக்கு எட்டப்படாத நாட்டில், சட்டம் படித்த நீதித்துறை அதிகாரியை மட்டுமே நம்பிய கிராம நீதிமன்றம் ஆள் இல்லாமல் நின்றதில் வியப்பில்லை. சாமானியரை விலக்கிய முடிவு அமைப்பின் சமூக வேரையும் அதன் ஆட்பலத்தையும் ஒருசேரக் குறைத்தது.

7. வேறு கைகள் வரைந்த அமைப்புகள்

சட்டத் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர் தலைமையேற்றால் என்ன நிகழும்? பழங்குடிப் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து ஆட்சியை விரிவாக்குவது பற்றி ஆராய்ந்த குழுவின் தலைவர் திலீப் சிங் பூரியா. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த பழங்குடி நாடாளுமன்ற உறுப்பினர் அவர். அக்குழுவின் சிந்தனையிலிருந்து உருவான 1996ஆம் ஆண்டுச் சட்டம் கிராம சபையை நடுவில் வைத்தது. மக்களின் மரபையும் பண்பாட்டு அடையாளத்தையும் பொது வளங்களையும் வழக்காற்றின்படி தகராறு தீர்க்கும் முறையையும் காக்கும் தகுதி கிராம சபைக்கு உண்டு என அதன் 4ஆம் பிரிவு அறிவித்தது. இங்கே புதிய நீதிமன்றம் எதுவும் முளைக்கவில்லை. ஏற்கெனவே வாழும் ஒரு முறை ஏற்பு பெற்றது. ஆனால் அந்த ஏற்பு எந்த நடைமுறையில் செயல்படும், மேல்முறையீடு எங்கே, பெண்ணுக்கு அநீதி நேர்ந்தால் யார் தடுப்பார் என்பவற்றைச் சட்டம் விரித்துச் சொல்லவில்லை. மக்கள் அனுபவம் உள்ளே வந்த இடத்தில் சட்ட நுணுக்கம் போதாமல் போனது.

பிகாரின் 2006ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. அங்கே கிராம கச்சேரியின் சர்பஞ்சும் பஞ்சர்களும் தேர்தலில் வெல்பவர்கள். பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. சட்டம் படித்த ‘நியாய மித்ரா’ ஒருவர் அவர்களுக்கு உதவுவார், தீர்ப்பு அவருடையதல்ல. சிறைத் தண்டனை விதிக்கும் அதிகாரம் கச்சேரிக்கு இல்லை. 114ஆம் அறிக்கையின் கற்பனைக்கு மிக அருகில் வரும் அமைப்பு இது.

இலங்கையின் அனுபவம் இன்னொரு பாடம் தருகிறது. 1958இன் சட்டப்படி அமைந்த இணக்க சபைகள், நியமனத்தில் அரசியல் தலையீடு என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகி 1978இல் நீக்கப்பட்டன. 1988இன் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் அந்தக் குறையை நியமன அமைப்பிலேயே தீர்க்கப் பார்த்தது. ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவில் மூவர் உச்ச நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ பதவி வகித்தவர்களாக இருக்க வேண்டும். அந்த ஆணைக்குழுவே பகுதிதோறும் மத்தியஸ்தர்களை நியமிக்கிறது. மத்தியஸ்தர்களோ பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள். மேற்பார்வை நீதிபதிகளிடம், பேச்சுவார்த்தை ஊராரிடம் என்ற இந்தப் பிரிவினை, தொழில் அறிவை அது பயன்படும் இடத்தில் வைக்கும் முயற்சி.

8. எதிர்வாதங்கள்

சாமானியருக்கு இடம் என்ற கோரிக்கைக்கு எதிரான வலுவான வாதம் தமிழ்நாட்டிலிருந்தே எழுகிறது. கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை, அவை ஈவிரக்கமின்றி ஒடுக்கப்பட வேண்டும் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் அழுத்தமாகச் சொன்னது. சாதி மறுப்புத் திருமணம் செய்தவரை ஊர் விலக்கம் செய்யும், அபராதம் விதிக்கும் கூட்டங்களைக் கண்ட எவரும் ‘ஊரார் நீதி’ என்ற சொல்லை எளிதில் நம்ப மாட்டார்கள். அம்பேத்கரின் எச்சரிக்கை இன்றும் செல்லும்.

ஆனால் அந்த எச்சரிக்கை எங்கே கைகாட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஊர்ப் பெரியவரின் தனி அதிகாரத்துக்கு எதிரானது. தலித் பெண் ஒருவர் தீர்ப்பாயத்தில் அமர்வதற்கு எதிரானதல்ல. 1816இன் ஒழுங்குவிதி ஊர்த் தலைவரை நீதிபதி ஆக்கியது, கட்டப் பஞ்சாயத்தும் ஊர்த் தலைவரையே நம்புகிறது. இரண்டிலும் பாதிக்கப்படுபவர் ஒருவரே. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் உறுதியான இடம், சட்டம் படித்தவரின் உடனிருப்பு, மேல்முறையீட்டு வழி ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது.

அரசமைப்பு, அடிப்படை உரிமை, சாட்சியம் பற்றிய அறிவில்லாத ஆணையம் நல்ல சட்டம் எழுத முடியாது என்பது இன்னொரு வாதம். இது முற்றிலும் சரி. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடைவெளிகளே இதற்குச் சான்று. சட்ட வல்லுநர் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. சட்ட வல்லுநர் மட்டுமே போதும் என்பதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

9. முடிவு

இந்த ஒப்பீட்டிலிருந்து மூன்று முடிவுகள் பெறலாம். ஒன்று, ஆணையத்தின் தொழிற்பின்புலம் அது வரையும் அமைப்பில் பதிகிறது. வருவாய் அதிகாரி வரைந்தது வருவாய் அமைப்போடு ஒட்டியது, சட்டத் துறையினர் வரைந்தது நீதிமன்றத்தின் சாயலைப் பெற்றது, மக்கள் பிரதிநிதி வரைந்தது சபையை நம்பியது. இரண்டு, தனிமனிதர்கள் தங்கள் தொழிலின் எல்லையைக் கடந்து சிந்திக்க முடியும். கிருஷ்ணய்யரும் தேசாயும் அதைச் செய்தார்கள். ஆனால் அந்தச் சிந்தனையை ஆணையத்துக்குள்ளும் வெளியிலும் தாங்கிப் பிடிக்க வேறு துறையினர் இல்லாதபோது அது சட்டமாகும் வழியில் கழன்றுவிடுகிறது. மூன்று, நீதி கேட்டு வருபவர்களின் அனுபவம் முதன்மையாக ஆராய்ந்த மூன்று ஆணையங்களிலும் உறுப்பினர் தகுதியாக ஏற்கப்படவில்லை. சாட்சியாக அழைக்கப்படுவதோடு அவர்களின் பங்கு முடிந்துவிடுகிறது.

கிராம நியாயாலயச் சட்டத்தைத் திருத்தவோ புதிய அமைப்பை உருவாக்கவோ இனி ஒரு குழு அமைக்கப்படும்போது உறுப்பினர் சேர்க்கையையே சட்டத்தில் எழுத வேண்டும். கீழமை நீதிமன்றத்தில் பணியாற்றிய நீதிபதி, மாவட்ட நீதிமன்றத்தில் ஏழைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர், வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோருடன் நின்ற பணியாளர், விவசாயத் தொழிலாளர் சங்கத்தவர், கிராமத் தகராறுகளை ஆராய்ந்த சமூக அறிவியலாளர், ஊராட்சியை நடத்திய பெண் தலைவர் ஆகியோருக்கு அதில் உறுதியான இடம் வேண்டும். ஒவ்வொருவரின் பதவிப் பெயரோடு அவர் எங்கே, யாருக்காகப் பணிபுரிந்தார் என்பதும் அறிக்கையில் பதிவாக வேண்டும். 114ஆம் அறிக்கை கேட்ட இரு சாமானிய உறுப்பினர்களைத் தீர்ப்பு மேசைக்குத் திரும்பக் கொண்டுவருவது அந்தக் குழுவின் முதல் வேலையாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு இதற்குக் காத்திருக்காமல் அப்படியொரு குழுவை அமைத்துத் தன் கிராமங்களின் தேவையைத் தானே ஆராயலாம். அதைக் கோருவது சட்டம் படித்தவர்களின் கடமை மட்டுமல்ல, வாசகரே, நம் எல்லாருடைய கடமை.